கொல்வது வோல்ட்டா, ஆம்பியரா?

கேள்விக்குறி எழுதியது:

வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கிறேன், மின்னோட்டவியல் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஷாக் அடித்தால் ஆளைக் கொல்வது வோல்ட்டா ஆம்பியரா என்று வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. "ஆம்பியர்தான், வோல்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்று ஒரு கட்சி. "அப்படியானால் அபாயப் பலகையில் மண்டையோட்டுக்குக் கீழே ஏன் வோல்ட்டை எழுதுகிறார்கள்?" என்று எதிர்க்கட்சி.

எனக்கு இரண்டுமே இடிக்கிறது. நிலைமின்சாரம் உண்டாக்கும் வான் டி கிராஃப் இயந்திரத்தின் உருண்டையில் ஒரு லட்சம் வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. தொட்டவருக்கு முடி சிலிர்த்து நிற்கிறது, அவ்வளவுதான். ஆக வோல்ட் கட்சி தோற்றது. கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரக்கூடியது. உலர்ந்த கையால் இரண்டு முனைகளையும் தொட்டால் ஒன்றும் தெரிவதில்லை. ஆம்பியர் கட்சியும் தோற்றது. பிறகு எதுதான் கொல்கிறது?

ஓம்விதி எழுதியது:

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது, தம்பி. பேட்டரி "தரக்கூடிய" ஆம்பியர் வேறு, உன் உடம்பு வழியாக "ஓடுகிற" ஆம்பியர் வேறு. சண்டையே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருவது.

ஓம் 1827-இல் வெளியிட்ட விதியைப் போட்டுப் பார். மின்னோட்டம் = மின்னழுத்த வேறுபாடு ÷ மின்தடை. உலர்ந்த தோலின் தடை 50,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டை 50,000-ஆல் வகுத்தால் 0.24 மில்லிஆம்பியர். மனிதனுக்கு உறைக்கத் தொடங்குவதே ஏறக்குறைய அரை அல்லது ஒரு மில்லிஆம்பியரில்தான். பேட்டரி எவ்வளவு தர முடியும் என்பதை உன் தோல் கேட்கவே இல்லை.

அதே பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் கதை வேறு. அங்கே தடை ஓமில் நூறில் ஒரு பங்கு அளவுதான். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். கையில் மோதிரம் இருந்து அது அந்தச் சுற்றில் மாட்டினால் விரலே வெந்துவிடும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் அது ஆபத்தில்லாதது என்று ஆகிவிடாது.

மைக்ரோஆம்ப் எழுதியது:

சரி, எத்தனை மில்லிஆம்பியர் ஓடினால் ஆபத்து? பாடநூலில் எண் இல்லை.

இயற்பியல்_ஆசிரியை எழுதியது:

50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்துக்குத் தோராயமாகச் சொல்கிறேன். ஆளுக்கு ஆள் மாறும், குழந்தைகளுக்கு இதைவிடக் குறைவு. 1 மில்லிஆம்பியரில் லேசான குறுகுறுப்பு. 10-ஐ ஒட்டி வரும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும், பிடித்த கம்பியை விட முடியாது. "கரண்ட் பிடித்து இழுத்தது" என்று சொல்கிறோமே, கரண்ட் யாரையும் இழுப்பதில்லை. நம் விரலை மடக்கும் தசைகள்தாம் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. 30-ஐத் தாண்டி மார்பு வழியாக ஓடினால் மூச்சு விடுவது சிரமம். 50 முதல் 100 மில்லிஆம்பியர் ஒரு விநாடி போல நீடித்தால் இதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கலாம். நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது. பெரும்பாலான சாவுகள் இப்படித்தான்.

இப்போது வீட்டு 230 வோல்ட்டை வைத்துப் பாருங்கள். ஈரக் கைக்கு உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 ÷ 1,000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர். மேலே சொன்ன எல்லா எல்லைகளையும் தாண்டியாயிற்று.

உலர்ந்த கைக்கு 50,000 ஓம் என்று ஓம்விதி எழுதினார். 12 வோல்ட்டுக்கு அது சரி. 230 வோல்ட்டுக்கு அதே எண்ணைப் போட்டுவிடாதீர்கள். மின்னழுத்தம் ஏற ஏறத் தோலின் தடை சரிந்துவிடும், உள்ளே இருக்கும் சதையும் இரத்தமும் உப்புத் தண்ணீர் மாதிரி நன்றாகவே கடத்தும். அதனால் உலர்ந்த கைக்கும் 230 வோல்ட்டில் ஓரிரண்டு ஆயிரம் ஓம்தான் மிஞ்சும். வோல்ட்டுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்கிற கட்சி இங்கேதான் வழுக்கி விழுகிறது. வோல்ட்தான் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது, தோலின் தடையை உடைப்பதும் அதுவேதான்.

கேள்விக்குறி எழுதியது:

அப்படியானால் வான் டி கிராஃப்? ஒரு லட்சம் வோல்ட், 1,000 ஓம் என்றால் 100 ஆம்பியர் வருகிறதே!

இயற்பியல்_ஆசிரியை எழுதியது:

நல்ல கேள்வி. வருகிற மின்னோட்டம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1 ஆம்பியர் என்றால் ஒரு விநாடிக்கு 1 கூலும், அதாவது ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள். பள்ளிக்கூட உருண்டையில் சேர்ந்திருப்பது சில மைக்ரோகூலும்தான். பொறி பறக்கும் கணத்தில் பெரிய மின்னோட்டம் ஓடுவது உண்மை. ஆனால் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் சரக்குத் தீர்ந்துவிடுகிறது.

இதைவிடச் சின்னதாக ஒன்று. குளிர்ந்த, உலர்ந்த நாளில் கம்பளி விரிப்பில் நடந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறது. அப்போது உடம்பு 10,000 வோல்ட்டில் இருக்கலாம். உடம்பின் மின்தேக்குத்திறன் (ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் தேக்கும் என்பது) ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட். பெருக்கினால் மின்னூட்டம் 1 மைக்ரோகூலும், ஆற்றல் 5 மில்லிஜூல். கணநேரம் பல ஆம்பியர் ஓடிவிட்டது, யாரும் சாகவில்லை. ஆம்பியர் கட்சிக்காரர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வீட்டுச் சுவரில் இருக்கும் 230 வோல்ட்டோ தீராது. பின்னால் ஒரு மின்நிலையமே நிற்கிறது. ஆக வோல்ட் எவ்வளவு, வழியில் தடை எவ்வளவு, உடம்பின் எந்தப் பகுதி வழியாகப் போகிறது, எவ்வளவு நேரம், கொடுக்கிற மூலம் தாக்குப்பிடிக்குமா என்று எல்லாமாகச் சேர்ந்துதான் முடிவாகிறது. அபாயப் பலகையில் ஆம்பியர் எழுத முடியாததற்கும் இதுதான் காரணம். யார், எந்தக் கையால், எந்த ஈரத்தில் தொடப்போகிறார் என்று பலகை எழுதுபவருக்கு எப்படித் தெரியும்? முன்கூட்டியே தெரிவது வோல்ட் ஒன்றுதான்.

சும்மா_படிப்பவன் எழுதியது:

இவ்வளவு கணக்கு எதற்கு? ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது.

வயரிங்காரன் எழுதியது:

//ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது//

இந்த நம்பிக்கையில் பெட்டியைத் திறப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செருப்பு தடுப்பது ஒரே ஒரு வழியை: கையில் ஏறி, காலில் இறங்கி, தரைக்குப் போகிற வழி. அதுவும் செருப்பு உலர்ந்து, ஓட்டை இல்லாமல் இருந்தால். ஒரு கை லைனிலும் (மின்சாரம் வரும் வயர்) இன்னொரு கை நியூட்ரலிலும் (அது திரும்பிப் போகும் வயர்) பட்டால்? மின்னோட்டம் கையிலிருந்து கைக்கு நெஞ்சு வழியாகவே போகும். செருப்பு அந்தச் சுற்றிலேயே கிடையாது. ஒரு கை லைனில், மறு கை தண்ணீர்க் குழாயில் என்றாலும் அதே கதைதான்.

அடுத்த மூடநம்பிக்கையையும் சேர்த்தே உடைத்துவிடுகிறேன். "எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) இருக்கிறது, ஷாக் அடித்தால் விழுந்துவிடும்." விழாது. 16 ஆம்பியர் எம்சிபிக்கு, உன் உடம்பில் ஓடும் 0.23 ஆம்பியர் ஒரு சின்ன பல்பு மாதிரிதான் தெரியும். ஃபியூஸும் எம்சிபியும் காப்பாற்றுவது வயரை. உன்னை அல்ல.

மைக்ரோஆம்ப் எழுதியது:

அண்ணா, அப்படியானால் தரையோடு இணைக்கும் எர்த் வயர் எதற்கு? எர்த் இருந்தால் கரண்ட் குறைந்த தடை உள்ள வழியில்தான் போகும், நம் மேல் போகாது என்று படித்தேனே.

வயரிங்காரன் எழுதியது:

குறைந்த தடை உள்ள வழியில் "மட்டும்" போகும் என்று எவர் சொன்னாலும் நம்பாதே. இணைச்சுற்று படித்திருப்பாய். எல்லா வழியிலும் போகும், தடை குறைந்ததில் அதிகமாகப் போகும்.

ஒரு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள். உள்ளே லைன் வயரின் உறை தேய்ந்து செம்பு உலோக உடம்பில் படுகிறது. எர்த் இல்லை என்றால் பெட்டி வழக்கம்போலச் சூடாகும், விளக்கு எரியும், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. ஆனால் அதன் உடம்பு முழுக்க 230 வோல்ட் உட்கார்ந்திருக்கும், யாராவது தொடும் வரைக்கும்.

எர்த் இருந்தால்? லைன் வயரின் தடை அரை ஓம், எர்த் வயர் வழி திரும்பும் தடை அரை ஓம் என்று வை. மொத்தம் 1 ஓம், 230 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்சிபி பத்தில் ஒரு விநாடிக்குள் டப்பென்று விழும். கவனி, அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பெட்டியின் உடம்பு பூஜ்ய வோல்ட்டில் இல்லை. அரைக்கு அரை பங்கிட்டால் 115 வோல்ட்டில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தொட்டவருக்கு ஒரு உதறல் கிடைக்கும். எர்த்தின் வேலை, கோளாறு வந்த உடனே எம்சிபியை விழவைக்கும் அளவுக்கு மின்னோட்டத்தைப் பெருக்கிவிடுவது. பல வகைப் பிளக்குகளில் எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது அதனால்தான். சொருகும்போது முதலில் சேரும், பிடுங்கும்போது கடைசியில் பிரியும்.

ஸ்விட்ச் லைனில்தான் வர வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. நியூட்ரலில் ஸ்விட்ச் வைத்தாலும் விளக்கு அணையும், எரியும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் லைன் நிற்கும்.

கேள்விக்குறி எழுதியது:

என் செல்பேசி சார்ஜரில் இரண்டு முள்தானே? எர்த்தே இல்லையே?

ஓம்விதி எழுதியது:

அதன் முதுகைப் பார். சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கும். இரட்டைக் காப்பு என்று பொருள். வெளியே தொடக்கூடிய உலோகத்துக்கு மின்சாரம் வர வழியே இல்லாதபடி இரண்டு அடுக்குக் காப்பு கொடுத்திருக்கிறார்கள். குறி இல்லாத மலிவுச் சார்ஜர் என்றால் தூக்கிப் போடு.

மைக்ரோஆம்ப் எழுதியது:

உயர் அழுத்தக் கம்பியில் பறவை உட்காருகிறதே, அதற்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? காலில் காப்பு இருக்கிறதா?

ஓம்விதி எழுதியது:

காப்பெல்லாம் இல்லை. இரண்டு காலும் ஒரே கம்பியில். கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 0.2 ஓம், ஓடுவது 200 ஆம்பியர் என்று வைத்தால், கால்களுக்கு நடுவே இருக்கும் 5 சென்டிமீட்டர் கம்பியின் தடை 0.00001 ஓம். பெருக்கினால் 2 மில்லிவோல்ட். பறவை தரையைப் பொறுத்து எத்தனை ஆயிரம் வோல்ட்டில் இருந்தாலும் அதன் கால்களுக்கு இடையே இருப்பது அந்த 2 மில்லிவோல்ட்தான். மின்னழுத்தம் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே. "இந்த வயரில் 230 வோல்ட்" என்று பேச்சுவாக்கில் சொல்லும்போது இன்னொரு புள்ளி தரை என்பதை விழுங்கிவிடுகிறோம். பெரிய பறவை சிறகை விரித்து இன்னொரு கம்பியையோ கம்பத்தின் உலோகத்தையோ தொட்டால் கருகிவிடும்.

இயற்பியல்_ஆசிரியை எழுதியது:

அறுந்து தரையில் கிடக்கும் கம்பியிலும் இதே "இரண்டு புள்ளி" விஷயம்தான். கம்பி தொட்ட இடத்திலிருந்து மின்னோட்டம் மண்ணில் பரவும்போது, தள்ளிப் போகப் போக மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும். எட்டு வைத்து நடந்தால் முன்காலும் பின்காலும் வெவ்வேறு அழுத்தத்தில் இருக்கும், மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். நான்கு கால் மாடுகள் இப்படிச் சாவது அதிகம், அவற்றின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி பெரிது. குறைந்தது 10 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஏற்கெனவே அருகில் போய்விட்டால் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும்.

சும்மா_படிப்பவன் எழுதியது:

இவ்வளவு பேசுகிறீர்களே, டெஸ்டரை லைனில் வைத்து அதன் தலையில் விரலை வைக்கிறோம். விளக்கு எரிகிறது. கரண்ட் நம் வழியாகத்தானே போகிறது? ஏன் ஷாக் அடிக்கவில்லை?

வயரிங்காரன் எழுதியது:

ஆமாம், உங்கள் வழியாகத்தான் போகிறது. டெஸ்டரின் கைப்பிடிக்குள் நியான் குமிழோடு தொடராக ஒரு தடை இருக்கும், ஏறக்குறைய 10 லட்சம் ஓம். 230-ஐ அதனால் வகுத்தால் 0.23 மில்லிஆம்பியர். நியான் மினுங்க அது போதும், உங்களுக்கு உறைக்காது. உங்கள் உயிர் அந்த நெல்மணி அளவுத் தடையை நம்பி இருக்கிறது. அதனால் ஈரமான, விரிசல் விட்ட, விலை மலிவு என்று வாங்கிய டெஸ்டரை நான் தொடமாட்டேன்.

இன்னொன்று: விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது. எரியவில்லை என்றால் மின்சாரம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குமிழ் போயிருக்கலாம், பகல் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியாமல் இருக்கலாம். மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் முதலில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைச் சோதிக்க வேண்டும். இது மாணவர்களுக்கு இல்லை, வேலை தெரிந்தவர்களுக்கு.

மட்டுறுத்துநர் எழுதியது:

இழையைப் படிக்கும் மாணவர்கள் சுவரில் இருக்கும் பிளக் பாயின்டில் எதையும் செய்து பார்க்க வேண்டாம். செய்து பார்க்க ஆசை இருந்தால் 1.5 வோல்ட் செல்கள் போதும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளையும் விரல்களால் பிடியுங்கள், பிறகு விரலை நனைத்துப் பிடியுங்கள். எண் எப்படிச் சரிகிறது என்று நீங்களே பார்க்கலாம். அதற்கு முன் மீட்டர் வேறெதிலும் இணைந்திருக்கக் கூடாது.

கேள்விக்குறி எழுதியது:

மீட்டர் சோதனை செய்துவிட்டேன். உலர்ந்த விரலுக்கு எண் ஒரு இடத்தில் நிற்கவே இல்லை, லட்சக்கணக்கான ஓமில் ஏறி இறங்குகிறது. அழுத்திப் பிடித்தால் குறைகிறது. நனைத்த விரலுக்கு மளமளவென்று சரிந்துவிட்டது.

இடையில் ஒரு சந்தேகம். ஸ்விட்ச் போட்டவுடன் விளக்கு எரிகிறது, அப்படியானால் எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தில் ஓடுகின்றனவா?

இயற்பியல்_ஆசிரியை எழுதியது:

நத்தையைவிட மெதுவாக. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் இழுப்பு வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர்தான். ஒரு மணி நேரத்துக்கு 26 சென்டிமீட்டர். அதுவும் நேர்த்திசை மின்னோட்டத்தில். வீட்டு மாறுதிசை மின்னோட்டத்தில் அவை இருந்த இடத்திலேயே ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவாக முன்னும் பின்னும் ஆடுகின்றன. விரைவது எலக்ட்ரான் அல்ல, மின்புலம்.

தண்ணீர்த் தொட்டி, குழாய் என்று எல்லாரும் உவமை சொல்லித் தருகிறோம். நானும் சொல்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் அது காலை வாரிவிடும்: குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் மின்னோட்டம் நின்றுவிடும். மின்னோட்டத்துக்கு முழுச் சுற்று வேண்டும். அந்தச் சுற்றை நம் உடம்பால் முடித்துவைக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்ற பெயரில் நாம் செய்வதெல்லாம்.

வயரிங்காரன் எழுதியது:

ஷாக் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தீயைப் பற்றி ஒரு வார்த்தை. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் 2,000 வாட் கெட்டிலையும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் சொருகினால் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். போர்டின் மேல் 6 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். எம்சிபி 16 என்பதால் விழாது.

அதைவிட மோசம், லூஸ் கனெக்‌ஷன். திருகு தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை என்று வைத்தால், 10 ஆம்பியருக்கு 50 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் திறனே ஏறக்குறைய அவ்வளவுதான். அது பிளாஸ்டிக் பெட்டிக்குள் திருகின் முனையில் எரிகிறது. மின்னோட்டம் கூடவில்லை, அதனால் எம்சிபிக்குத் தெரியாது. பிளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறம், கருகிய வாடை, ஸ்விட்ச் போட்டால் சடசடப்பு என்றால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

தீ பிடித்தால் மெயினை அணைக்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது என்று பாடத்தில் இருக்கும், உண்மைதான். குழாயில் வருவது தூய நீர் அல்ல, உப்புகள் கரைந்தது.

மைக்ரோஆம்ப் எழுதியது:

ஒருவருக்கு ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் முதலில் என்ன செய்வது? கட்டையால் தட்டிவிடுவதா?

இயற்பியல்_ஆசிரியை எழுதியது:

முதலில் மெயின் ஸ்விட்ச், அல்லது பிளக். ஆளை வெறுங்கையால் தொட்டால் நீங்களும் அதே சுற்றில் சேருவீர்கள். அணைக்க வழியே இல்லை என்றால், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால் அவரை வயரிலிருந்து விலக்கலாம். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். உயர் அழுத்தக் கம்பி என்றால் கட்டையும் உதவாது, மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும் வரை கிட்டே போகக் கூடாது. விலக்கியபின் அவசர உதவியைக் கூப்பிட வேண்டும். அவர் மூச்சு விடவில்லை என்றால் தாமதிக்காமல் மார்பை அழுத்தும் முதலுதவி. நன்றாக எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், தோலில் சின்னப் புண் தெரிந்தாலும் உள்ளே காயம் பெரிதாக இருக்கலாம்.

சும்மா_படிப்பவன் எழுதியது:

சரி, செருப்பும் ஆகாது, எம்சிபியும் ஆகாது. மனிதனைக் காப்பாற்ற ஒன்றுமே கிடையாதா?

வயரிங்காரன் எழுதியது:

இருக்கிறது, ஆர்சிசிபி. லைனில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்புவதையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனது 5 ஆம்பியர், திரும்பியது 4.97 என்றால் 30 மில்லிஆம்பியர் வேறு வழியில், ஒருவேளை ஒரு ஆளின் வழியாக, தரைக்குப் போகிறது என்று பொருள். உடனே துண்டித்துவிடும். மேலே ஆசிரியை சொன்ன எல்லைகளோடு அந்த 30-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள், ஏன் அந்த எண் என்று புரியும்.

அதற்கும் ஒரு கண்மறைவு உண்டு. லைனையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்தால், போனதெல்லாம் உங்கள் வழியாகவே நியூட்ரலுக்குத் திரும்பிவிடும். அதற்கு நீங்கள் ஒரு பல்பு.

கேள்விக்குறி எழுதியது:

வீட்டு ஆர்சிசிபியில் "டெஸ்ட்" என்று ஒரு பொத்தான் பார்த்தேன். வீட்டில் எர்த் சரியாக இல்லை என்றால் அதை அழுத்தினால் விழாதா? அதை வைத்தே எர்த்தைச் சோதிக்கலாமே?

வயரிங்காரன் எழுதியது:

முடியாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஒரு தடை, ஒரு பக்க லைனை மறுபக்க நியூட்ரலோடு இணைக்கிறது. ஒப்பிடும் சுருளைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் மின்னோட்டம் போவதால் கணக்கு உதைத்து, ஆர்சிசிபி விழுகிறது. இதில் எர்த்துக்கு வேலையே இல்லை, எர்த் அடியோடு அறுந்திருந்தாலும் விழும். தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் வீட்டுப் பெரியவர்களை அழுத்திப் பார்க்கச் சொல். அழுத்தியும் விழவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும். எர்த்தைச் சோதிக்கத் தனி மீட்டரோடு எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும்.